தனியார் நிலம், பொதுக் காப்பு

ஒன்ராறியோவில் காட்டையோ சதுப்புநிலத்தையோ காக்க, அரசு அதனை விலைக்கு வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. பாதுகாப்பு நிலச் சட்டத்தின்கீழ், நில உரிமையாளர் ஒருவர் மாநகரசபையுடனோ நில அறக்கட்டளையுடனோ பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். உரிமை அவரிடமே இருக்கும். கட்டடம் எழுப்புதல், மரம் வெட்டுதல் போன்றவை மட்டும் உடன்படிக்கையின்படி கட்டுப்படுத்தப்படும். நிலப் பதிவேட்டில் பதியப்பட்ட உடன்படிக்கை வாரிசுகளையும் பின்னர் வாங்குவோரையும் பிணிக்கும்.

இதனை நிரந்தரக் கொடையாக அளித்து, நிலத்தின் சூழலியல் முக்கியத்துவத்துக்கு மத்திய அரசின் சான்று பெறின், 1995 முதல் நடைமுறையிலுள்ள சூழலியல் கொடைத் திட்டத்தின்கீழ் வரிச் சலுகை கிடைக்கும். கொடை பெற்ற அமைப்பு அனுமதியின்றி நிலப்பயன்பாட்டை மாற்றினால், சந்தைப் பெறுமதியில் 50 சதவீதத்தை வரியாகச் செலுத்த நேரிடும்.

ஆகவே, கையொப்பமிடுமுன் பிள்ளைகளுடன் கலந்து பேசுதலும், நிலம் வாங்குமுன் சட்டத்தரணிமூலம் பதிவேட்டை ஆராய்தலும் இன்றியமையாதன.