நல்ல கொழுப்பின் எண்ணும் அதன் வேலையும்

ரத்தப் பரிசோதனை முடிவில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பலருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 160 இருக்கும்போதுகூட, ‘நல்லதுதான் நிறைய இருக்கிறதே’ என்று அதைக் குறைக்கும் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். இது ஆபத்தான நிம்மதி.

நம்பிக்கை: நல்ல கொழுப்பு கூடினால் மாரடைப்பு வராது.

உண்மை: எச்.டி.எல்., எல்.டி.எல். இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். காவல் வேலையைச் செய்வது எச்.டி.எல்.லில் அதைச் சுமக்கும் புரதம். பெயர் அப்போ ஏ-1. கல்லீரலிலும் குடலிலும் உருவாகும் இது, ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி உப்பிக் கிடக்கும் வெள்ளணுக்களிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக் கல்லீரலில் சேர்க்க உதவுகிறது. உட்சுவரில் புது வெள்ளணுக்கள் வந்து ஒட்டுவதையும் குறைக்கிறது. அதனால் அழற்சி தணிகிறது, கொழுப்புப் படிவு வளர்வது மட்டுப்படுகிறது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இந்தப் புரதத்தையே சிதைக்கின்றன. அப்போது எண் நன்றாக இருந்தும் வேலை நடக்காது. எச்.டி.எல். எண் அந்த வேலையை அளப்பதில்லை.

ஓர் ஆய்வில், டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியது. சுமார் 15,000 பேர் பங்கேற்ற அந்த ஆய்வை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். எண்ணை நம்பி எல்.டி.எல். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: அப்போ ஏ-1 புரதத்தையே ரத்தத்தில் ஏற்றிக்கொண்டால் போதும்.

உண்மை: மாரடைப்பு வந்த 18,000-க்கும் மேற்பட்டோரிடம் இதை ஆய்வாகச் செய்து பார்த்தார்கள். 2024-இல் வந்த முடிவின்படி, 90 நாட்களில் மாரடைப்பும் பக்கவாதமும் இதய இறப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

நம்பிக்கை: எச்.டி.எல். குறைவு நம் பரம்பரை. ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: பரம்பரைக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு. ஆனால் தொந்தியும், உட்கார்ந்தே இருப்பதும், தட்டு நிறையச் சோறும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நம்மில் பலர் 50 முதல் 70 சதவீதம் வரை எடுக்கிறோம். சோற்றைக் குறைத்த இடத்தில் பருப்பும் காயும் வரட்டும். அப்பளமும் வடையும் வேண்டாம்.