‘சில்மரில்லியன்’ திறக்கும் முன்

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடித்த ஜோரில் ‘சில்மரில்லியன்’ வாங்கி, ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் நிறைய. நாவல் என்று நம்பித் திறந்ததால் வந்த வினை. இது ஒரு உலகத்தின் புராணம். 1973-ல் டோல்கீன் இறந்தபின், அவருடைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்து மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1977-ல் வெளியிட்டது. இன்று ராத்திரி தொடங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• வரைபடத்தையும் வம்சாவளியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஃபியனோர், ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின் மூவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள். ஆள் மாறினால் கதையே மாறிவிடும்.

• பின்னால் உள்ள பெயர் அகராதியில் ஒரு புக்மார்க் செருகுங்கள். ஒரே ஆளுக்குப் பல பெயர், வில்லன் மெல்கோர்தான் மோர்கோத்.

• முதல் பகுதியான ‘ஐனுலிண்டலே’யை ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். உலகம் இசையில் பிறக்கிறது. அங்கே மெல்கோர் தட்டும் அபஸ்வரம்தான் பின்னால் வரும் அத்தனை சண்டைக்கும் வேர்.

• ஃபியனோரும் ஏழு மகன்களும் எடுக்கும் சபதத்தை அடிக்கோடிடுங்கள். பீஷ்மரின் சபதம் மாதிரி, கதையை இழுத்துப்போவது அதுதான்.

• ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் மட்டும் 24 இருக்கின்றன. சில பக்கங்களில் நூற்றாண்டுகள் ஓடிவிடும்.

• பாதியில் சலித்தால் 19-ஆம் அத்தியாயத்துக்குத் தாவுங்கள், பிறகு திரும்பி வாருங்கள். பெரென், லூத்தியன் காதல் கதை அது. ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீன் தம்பதியின் கல்லறையில் அந்த இரண்டு பெயர்களும் உண்டு.

செய்யக்கூடாதவை

• ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படிக்காமல் இதைத் தொடாதீர்கள். மோதிரத்தின் முடிவைக் கடைசிப் பகுதி போட்டு உடைத்துவிடும்.

• ஹாபிட்களைத் தேடாதீர்கள். கடைசியில்தான் தலைகாட்டுவார்கள், சௌரானே இங்கே பெரும்பாலும் மோர்கோத்தின் கையாள்தான்.

• ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரைபடத்தை வைத்து ஊர் தேடாதீர்கள். கதை நடக்கும் பெலேரியாண்ட் நீல மலைக்கு மேற்கே இருந்த நாடு. முதல் யுகத்தின் முடிவில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது.

• எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஃபியனோர் உருவாக்கிய மூன்று சில்மரில் மணிகளும் இப்போது யாரிடம் என்று தெரிந்தால் போதும்.

• இரண்டாம் பகுதியான ‘வலக்வெண்டா’விலும் நடுப்பகுதியின் 14-ஆம் அத்தியாயத்திலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்று தெய்வங்களின் பட்டியல், மற்றது நிலப்பரப்பு. புரட்டிவிட்டுப் போங்கள், தேவைப்படும்போது திரும்பலாம்.

• பெயர்களை கூகுளில் போடாதீர்கள். முதல் வரியிலேயே அவர் எப்படிச் செத்தார் என்று வந்து நிற்கும்.

• முடித்த வேகத்தில் 12 தொகுதி ‘ஹிஸ்டரி ஆஃப் மிடில் எர்த்’ ஆர்டர் போடாதீர்கள். அவை பெரும்பாலும் வரைவுகளும் குறிப்புகளும். 2007-ல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹூரின்’ வாங்குங்கள். 21-ஆம் அத்தியாயத்தில் சுருக்கமாகப் படித்த டூரினின் கதை அதில் முழு நாவலாகவே கிடைக்கும்.