சென்ட்ரிங் பலகை இல்லாமல் வீட்டுக்குத் தளம்

அறுவடைப் பணத்தில் சுவர் எழுப்பிவிட்டு, சென்ட்ரிங் செலவுக்கு வழியின்றி வீட்டை மழையில் நனையவிடும் சிறு விவசாயிகள் உண்டு. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பலகை, விட்டம் முறை இவர்களுக்கு ஏற்றது.

30 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம், அதிகபட்சம் 1.5 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பலகைகளையும், விட்டங்களையும் மனையிலேயே அச்சில் வார்க்கலாம். சுவர் எழும்போதே, வயல் வேலை ஓய்ந்த நாட்களில் சிறிது சிறிதாக வார்த்து வரலாம். ஒரு பலகையை இருவர் தூக்கலாம்.

சுவர்மீது விட்டங்களை வைத்து, அவற்றின்மேல் பலகைகளை வரிசையாகப் பரப்ப வேண்டும். இணைப்புகளில் கம்பியிட்டுக் கான்கிரீட்டால் நிரப்பினால் தளம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை:

1. வார்த்த பலகைகளை 14 நாட்கள் ஈரம் காயாமல் வைக்கவும். அவசரப்பட்டு ஏற்றினால் விரிசல் விடும்.

2. கம்பி அடிப்பக்கம் இருப்பதால் பலகையைத் தலைகீழாகத் தூக்கவோ அடுக்கவோ கூடாது. மேல்பக்கத்தை வார்க்கும்போதே குறியிடவும்.

3. கம்பி அளவு, விட்டத்தின் அளவு, முட்டு ஆகியவற்றைப் பொறியாளரிடம் கேட்டே முடிவு செய்யவும்.

ஐப்பசி மழைக்குள் தளம் மூட வேண்டுமானால் வைகாசியிலேயே பலகை வார்க்கத் தொடங்குவது நல்லது.