போர்டைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

வீட்டு முற்றத்தில் பாஸ்கெட்பால் போஸ்ட் வைக்கலாம் என்று முடிவானதும் எல்லோர் கண்ணும் போர்டு மேலேயே போகிறது. என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. கடையில் காதில் விழும் பேச்சுகள் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வோம்.

‘பத்தடியில் ரிங் இருந்தால்தான் அது கூடைப்பந்து.’ இந்தப் பத்தடியை யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் ரிங் 2.60 மீட்டரில் இருக்கும். பந்தும் சிறியது, 5ஆம் எண். எட்டு வயதுப் பிள்ளையைப் பத்தடி ரிங்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். பந்தை இடுப்புவரை இறக்கி, இரண்டு கையாலும் வீசியெறிவான். அது பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. உயரத்தை ஏற்றி இறக்க முடிகிற போஸ்ட்டையே வாங்குங்கள்.

‘சக்கரம் வைத்த போஸ்ட்டா? அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும்.’ நிற்கும், யாரும் தொடாதவரை. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. அதே தொட்டியில் காய்ந்த மணல் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ. பாரம் தரையில் கிடக்க, காற்று மோதுவதோ பத்தடி உயரத்துப் பலகையில். வெயிலில் பிளாஸ்டிக் விரிசல் விட்டுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் போஸ்ட் இளைப்பது கண்ணுக்கே தெரியாது. மூடி சரியாக இல்லையென்றால் கொசுப் பண்ணை வேறு. மணலே மேல், ஆனால் கடல் மணல் வேண்டாம். உப்பு இரும்பைத் தின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் போஸ்ட்டைப் படுக்க வைத்துவிடுங்கள்.

‘காம்பவுண்டு சுவரில் மாட்டினால் செலவு மிச்சம்.’ எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். நான்கரை அங்குலச் செங்கல் சுவர் தன் பாரத்தைத் தாங்கி நிற்கக் கட்டியது. முன்பக்கமாக இழுத்தால் தாங்காது. பந்து மோதும் ஒவ்வொரு முறையும் போல்ட்டைச் சுற்றிச் சாந்து கொஞ்சம் உதிரும். வெளியே பார்த்தால் பூச்சு பளபளப்பாகவே இருக்கும். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கான்கிரீட் தூணில், கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

‘கண்ணாடி போர்டுதான் நன்றாக எகிறும்.’ உண்மை, ஆனால் கம்பம் ஆடாமல் இருந்தால்தான். ஆடுகிற கம்பம் பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். வீட்டு ஆட்டத்துக்கு அக்ரிலிக் தாராளம். பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது, எகிறல்தான் மந்தம்.

‘ஸ்பிரிங் ரிங் என்றால் தொங்கலாம்.’ 1979இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டாரில் டாக்கின்ஸ் பந்தைத் திணித்த வேகத்தில் இரண்டு கண்ணாடி போர்டுகள் நொறுங்கின. வளைந்துகொடுக்கும் ரிங் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் வழக்கமானது அதற்குப் பிறகுதான். ஸ்பிரிங் காப்பாற்றுவது ரிங்கையும் போர்டையும். சாயும் போஸ்ட்டை அது பிடித்து நிறுத்தாது.

பணம் குறைவா? போர்டு 44 அங்குலமே போதும். மிச்சக் காசைக் கம்பத்தைத் தரையில் நடுவதற்கான ஆழமான குழிக்கும் கான்கிரீட்டுக்கும் கம்பத்தைச் சுற்றும் மெத்தைக்கும் கொடுங்கள்.