அடுத்து எந்தப் புத்தகம்?

வாரத்தில் ஒரு பாடவேளை எங்களுக்கு நூலக வகுப்பு. அலமாரி திறந்தவுடன் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் கை நீட்டுவோம். அட்டைப்படம் அழகாக இருக்கும் புத்தகம் முதலில் போய்விடும். அடுத்துக் கதைப் புத்தகங்கள் போகும். கடைசியில் நிற்பவளுக்கு யாரும் தொடாத தடித்த நூல்தான் மிஞ்சும். மறுவாரம் அதைக் கொடுத்துவிட்டு மீண்டும் அதே முண்டியடிப்பு. படித்தாயா, பிடித்ததா என்று ஒருவரையொருவர் நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை.

எங்களுள் ஒருத்தி கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் பெண். அவள் ஒவ்வொரு வாரமும் இருப்பதிலேயே மெலிந்த புத்தகமாகத் தேடி எடுப்பாள்; பிரிக்காமலே திருப்பித் தருவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டோம். "இதில் வருகிற ஊரும் எனக்குத் தெரியாது, ஆளும் தெரியாது. பரீட்சை முடிந்துவிட்டால் நான் இனிப் புத்தகத்தையே தொடப்போவதில்லை" என்றாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் மனத்தில் இருந்ததும் அதுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியை, யாரும் தொடாத அந்தத் தடித்த நூல்களிலிருந்தே ஒன்றை எடுத்தார். அது குறுந்தொகை, உ.வே. சாமிநாதையர் உரை எழுதி 1937இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு. நூறாவது பாட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். கபிலர் பாடியது, ஏழே வரிகள்.

முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உரையைப் பார்த்துப் பார்த்துப் படித்தோம். அருவி நீர் பரவும் சரிவில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைக்கிறார்கள். நடுவே முளைக்கும் மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பறித்து எறிகிறார்கள். காந்தள்தான் ஊருக்கு வேலி. பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்று உண்கிறார்கள். அந்த ஊர் இருப்பது வல்வில் ஓரியின் கொல்லிமலையில்!

எங்கள் தோழியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! களை எடுப்பது எப்படி, எந்தச் சரிவில் எதை விதைப்பார்கள், சாமைக்கும் தினைக்கும் என்ன வேறுபாடு என்றெல்லாம் அவளே எங்களுக்குப் பாடம் நடத்தினாள். காந்தள் என்பது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் என்று பொது அறிவுப் புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவளோ அது வேலியில் படர்வதைக் கண்ணால் பார்த்தவள். தந்தம் விற்ற செய்தியைப் படித்தபோது மட்டும் சற்று மௌனமானாள். "பசியையும் எழுதியிருக்கிறாரே" என்றாள். மலை என்றால் அருவியும் தென்றலும் என்று கட்டுரை எழுதிப் பழகிய எங்களுக்கு அது ஒரு குட்டு.

அந்தப் பாட்டில் கொல்லிப்பாவையும் வருகிறாள். மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் அமைத்ததாகச் சொல்லப்படும் அழகிய உருவம் அது. பாவையைப் பற்றி வேறு யாராவது பாடியிருக்கிறார்களா என்று தேட ஆசை வந்தது. எங்கே தேடுவது? ஆசிரியை பாட்டுரையின் அடியைக் காட்டினார். அங்கே 'ஒப்புமைப் பகுதி' என்று சிறிய எழுத்தில் ஒன்று அச்சாகியிருந்தது. ஒரு பாட்டில் உள்ள செய்தி வேறு எந்தெந்த நூல்களில் வருகிறது என்று ஐயரவர்கள் தேடித் தொகுத்து எழுதிய பகுதி அது. பரீட்சைக்கு வராது என்று எல்லோரும் தாண்டிப்போகும் இடம். அடுத்து எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம்.

அதன் வழியே போனோம். அதே குறுந்தொகையில் 89ஆம் பாட்டு, பரணர் பாடியது. அதிலும் கொல்லிப்பாவை உண்டு. ஆனால் இங்கே ஒரு சிக்கல். கபிலர் பாட்டில் கொல்லி ஓரியின் மலை. பரணர் பாட்டிலோ அது பொறையனின் மலை. பொறையன் என்றால் சேரன். எது சரி? விடுதியில் இரவு உணவு முடிந்தும் இந்த வாதம் முடியவில்லை. ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள், ஆகவே கபிலர்தான் சரி என்றாள் எங்கள் தோழி. புலவர் இருவருள் ஒருவர் தவறு செய்திருப்பாரா என்று மற்றவர்கள் திகைத்தோம்.

விடை மூன்றாவது நூலில் கிடைத்தது. அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்கிறார். அப்படியானால் மலை இருவருடையதும்தான். முதலில் ஒருவனுடையது, பிறகு மற்றவனுடையது. இரண்டு புலவர்களும் பொய் சொல்லவில்லை. எங்கள் தோழிக்கு ஓரி இறந்துபோன வருத்தம் இரண்டு நாள் இருந்தது. அந்த வருத்தத்திலேயே நற்றிணைக்குப் போனாள். 201ஆம் பாட்டு, மீண்டும் பரணர். காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு கெடாதவள் கொல்லிப்பாவை என்கிறார். அந்தப் பாட்டில் பலாமரமும் இருக்கிறது. சிவந்த வேர்ப்பலா! விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவள் எங்களுக்குச் சுமந்து வரும் அதே பலா.

குறுந்தொகைக்கு உரை எழுதிய சாமிநாதையரும் ஒரு காலத்தில் எங்களைப் போலத்தான் நின்றாராம். அவருடைய 'என் சரித்திரம்' என்னும் நூலில் அந்த நிகழ்ச்சி இருக்கிறது. 1880ஆம் ஆண்டு, அவருக்கு வயது 25, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் வியக்கவே இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். சீவக சிந்தாமணியை இவர் அப்போது படித்திருக்கவில்லை.

நாமாக இருந்தால் கோபித்துக்கொண்டு வந்திருப்போம். அவரோ முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். அது சமணக் காப்பியம், இவர் சைவர். புரியாத இடங்களுக்குச் சமணர் வீடு தேடிச் சென்று விளக்கம் கேட்டார். தம் மதத்தார் நூல் இல்லையே என்று அவர் ஒதுக்கவில்லை. தங்கள் மதத்தார் இல்லையே என்று அவர்களும் ஒதுக்கவில்லை. படிக்கும்போது நச்சினார்க்கினியர் உரையில் எங்கெங்கோ இருந்து எடுத்த மேற்கோள்கள் வந்தன. எந்த நூல் என்ற பெயர்கூட இல்லை. அந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடியதே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுபோயிற்று. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. முதலியார் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் இல்லாவிட்டால்!

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு வழி எங்களுக்குக் கிடைத்தது. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்த டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்தவர்கள். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் அந்த மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். பால் பிராண்ட் வேலூரில் செய்த பணியை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்' என்ற பெயரில் 1965இல் எழுதினார். அதைப் படித்த கையோடு இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தோம். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி 1959இலேயே 'டாக்டர் ஐடா' எழுதியிருக்கிறார். அகராதியைப் புரட்டிக்கொண்டே ஏழு பேர் முறை வைத்துப் படித்துவருகிறோம்.

எல்லாம் இனிதாகவே நடந்தது என்று சொல்லமாட்டோம். கபிலர் எங்களுக்குப் பிடித்த புலவராகிவிட்ட உற்சாகத்தில் அவருடைய குறிஞ்சிப்பாட்டை எடுத்தோம். 261 அடிகள்! இருபதாம் அடியைத் தாண்டுவதற்குள் பலர் கழன்றுகொண்டார்கள். பிடித்த ஆசிரியர் எழுதியவை எல்லாமே உடனே பிடித்துவிடும் என்பது பொய். "கடினமாக இருந்தால் மூடி வையுங்கள், கோபித்துக்கொள்ளாது, காத்திருக்கும்" என்றார் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர். இப்போது நூலக வகுப்பில் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, இதைப் படித்ததால் அடுத்து எதைப் படிக்கத் தோன்றுகிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதவேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். ஒருத்தி எழுதியதைப் பார்த்து இன்னொருத்தி எடுக்கிறாள். முண்டியடிப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை.

குறிஞ்சிப்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டவள், மெலிந்த புத்தகம் தேடிய அதே தோழிதான். அதில் கபிலர் 99 மலர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் எத்தனை இன்றும் மலையில் பூக்கின்றன, மலைவாசிகள் அவற்றை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று தன் ஆயாவிடம் கேட்டு எழுதி வருவதாகச் சென்ற விடுமுறைக்குப் போனாள். 23 மலர்களுக்கு விடை கொண்டுவந்தாள். மீதிக்கு ஆயா, மலையின் மறுபுறத்து ஊரில் இருக்கும் தன் அக்காவைக் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். பரீட்சை முடிந்த மறுநாளே அங்கே போகிறாள். குறிஞ்சிப்பாட்டைச் சிஸ்டரிடம் கேட்டுத் தன் பெயரில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள்.