உப்பளக் கரையில் சூரிய மின்சாரம்: கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மரக்காணத்து உப்பளத் தொழிலாளருக்கு வெயிலின் மதிப்பை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாத்தியில் பாய்ச்சிய உவர்நீரை உப்பாக்கித் தருவது அவ்வெயிலே. அது இன்று வீட்டு மாடியில் மின்சாரமாகவும் மாறுகிறது. நல்ல ஏற்பாடுதான், இதற்கு நாம் எதிரிகள் அல்லர். ஆனால் நல்ல பொருளையும் பொய் சொல்லி விற்பவர் உண்டு. அப்பொய்கள் எவை என்று அறிந்துகொள்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகிறது.

முதற் பொய், 'எல்லாம் இலவசம்' என்பது. மத்திய அரசாங்கம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' என்ற சொற்கள் இருப்பதால், கேட்பவரும் எளிதில் நம்பிவிடுகிறார். உண்மையில் அரசாங்கம் தருவது மானியமே. அத்திட்டம் வகுத்தபடி ஒரு கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000 ரூபாய். இத்தொகை தகடுகளைப் பொருத்தி, மீட்டர் மாற்றி, அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் நேராகச் சேரும். மானியம் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடமும், கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பவரிடமும் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்து, தேவைக்கு மேல் விற்பது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240 யூனிட். மூன்று கிலோவாட் ஆயின் 720 யூனிட். இரண்டு விளக்கும், இரண்டு விசிறியும், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் உள்ள வீட்டுக்கு இவ்வளவு எதற்கு? தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் முறை வந்தது. அந்த அளவுக்குள் செலவழிக்கும் குடும்பம் ஏற்கெனவே மின்கட்டணம் கட்டுவதில்லை. அதற்குக் கடன் வாங்கித் தகடு பொருத்தினால், இல்லாத செலவை மிச்சப்படுத்துவதாக முடியும். ஆதலால் ஓராண்டின் ஆறு மின்கட்டண இரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் விற்பனையாளரிடம் பேச வேண்டும்.

கடனைப் பற்றி இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வங்கித் தவணையோ மழையைப் பாராது. 'தினம் ஒரு தேநீர்க் காசுதான்' என்று கூறும்போது, கார்த்திகை மாதத்துத் தவணைக்குக் காசு எங்கிருந்து வரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

புயற்கரையில் வாழும் நமக்கு மிக முக்கியமானது இதுவே. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். 'மின்தடை வந்தாலும் உங்கள் வீட்டில் விளக்கெரியும்' என்ற பேச்சு இத்தகைய ஊர்களில் நன்றாக விலைபோகும். மின்வாரியக் கம்பியோடு இணைந்து, பேட்டரி இல்லாமல் இயங்கும் அமைப்பு மின்தடையின்போது தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் உயிருக்கு ஆபத்து நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரி வேண்டும். அதற்குத் தனி விலையுண்டு.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது சைக்கிள் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். தகட்டைத் தாங்கும் சட்டம் துத்தநாகம் நன்கு பூசிய எஃகா, அலுமினியமா என்று கேளுங்கள். தகடு ஐ.இ.சி. 61701 என்னும் உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதற்குச் சான்று கேளுங்கள். 'இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம்' என்பது பெரும்பாலும் தகட்டின் மின் உற்பத்திக்கு மட்டுமே உரியது. இன்வெர்ட்டருக்கும் சட்டத்துக்கும் காலம் குறைவு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுதப்படாத தாளில் கையெழுத்திடலாகாது.

விற்பனையாளர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்பதைப் பஞ்சாயத்து அலுவலகக் கணினியிலேயே பார்த்துச் சொல்லலாம். ஏமாற்றப்பட்டவர் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பணம் இணையவழியில் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930-ஐ அழைக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு மின்வாரியப் பொறியாளர் ஒருவரை அழைத்து, மிஞ்சும் மின்சாரத்துக்கு வாரியம் என்ன கணக்குத் தருகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதற்குத் தலைவர்கள் ஏற்பாடு செய்யலாம்.