பள்ளி மாணவர்க்கான டிஜிட்டல் திறன்கள்: முக்கியக் குறிப்புகள்

வரையறை
• டிஜிட்டல் எழுத்தறிவு: கணினி, இணையம் வழியே தகவலைத் தேடி, மதிப்பிட்டு, உருவாக்கிப் பகிரும் ஆற்றல்.
• டிஜிட்டல் திறன்: அந்த ஆற்றலைப் பணியிடத்தில் பயன்படுத்தும் தேர்ச்சி. நிரலாக்கம், தரவு கையாளுதல், இணையப் பாதுகாப்பு இதில் அடக்கம்.

தொடக்கம்
• பள்ளிகளில் கணினி எழுத்தறிவுக்கான மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம்: 1984-85. பள்ளிகளுக்கு வழங்கப்பட்டவை பிபிசி மைக்ரோ கணினிகள்.
• பள்ளிகளில் தகவல் தொடர்பு தொழில்நுட்பத் திட்டம்: டிசம்பர் 2004, திருத்தம் 2010.

தமிழ்நாடு
• விலையில்லா மடிக்கணினித் திட்டம்: 15.9.2011, அண்ணா பிறந்தநாள். கொள்முதல் செய்தது மாநில அரசின் எல்காட் (தமிழ்நாடு மின்னணுக் கழகம்) நிறுவனம்.
• புதிய பாடத்திட்டம்: 11ஆம் வகுப்பு 2018-19, 12ஆம் வகுப்பு 2019-20.
• கணினி அறிவியல்: 11இல் சி++, 12இல் பைத்தான்.
• கணினிப் பயன்பாடுகள்: 11இல் எச்டிஎம்எல், 12இல் பிஎச்பி.
• உருவாக்கியோர்: சி++ – பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பைத்தான் – கைடோ வான் ராசம் (1991), எச்டிஎம்எல் – டிம் பெர்னர்ஸ் லீ, பிஎச்பி – ராஸ்மஸ் லெர்டார்ஃப்.
• மதிப்பெண் பங்கீடு: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வேலைக்குக் கைகொடுப்பது செய்முறையே. அதன் பங்கு ஐந்தில் ஒன்று. பாடத்திட்டத்தின் பெருங்குறை இதுவே.
• நான் முதல்வன்: 1.3.2022. தொடங்கியவர் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். இலக்கு: ஆண்டுக்கு 10 இலட்சம் இளைஞர். செயல்படுத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். பள்ளிப் பிரிவு: 9 முதல் 12 வரை உயர்கல்வி, பணி வழிகாட்டல்.

கேரளம்
• ‘ஐடி அட் ஸ்கூல்’: 2001; 2017இல் ‘கைட்’ நிறுவனமாக மாற்றம்.
• ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள்: 2018. கட்டற்ற மென்பொருள் அடிப்படை. பிற மாநிலங்கள் பின்பற்றத் தக்க முன்மாதிரி.
• பொதுக்கல்வி முழுதும் டிஜிட்டல்மயமான முதல் மாநிலமாக அறிவிப்பு: 12.10.2020.

சிபிஎஸ்இ
• செயற்கை நுண்ணறிவு: 2019-20 முதல் 9ஆம் வகுப்பில் விருப்பப் பாடம். குறியீடு 417, மேல்நிலையில் 843.
• தகவல் தொழில்நுட்பம்: 402, மேல்நிலையில் 802.

அடல் டிங்கரிங் ஆய்வகம்
• அமைப்பு: நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம். வகுப்புகள் 6–12.
• மானியம்: பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை.
• 2025-26 நிதிநிலை அறிக்கை: அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டில் 50,000 ஆய்வகங்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020
• தொழிற்கல்வி அறிமுகம் 6ஆம் வகுப்பு முதல்.
• புத்தகப்பை இல்லா நாள்கள்: 10. உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயிற்சி.

தேதி மாறக்கூடாதவை
• டிஜிட்டல் இந்தியா: 1.7.2015.
• திறன் இந்தியா: 15.7.2015.
• உலக இளைஞர் திறன் நாள்: ஜூலை 15.
• திக்‌ஷா டிஜிட்டல் கற்றல் தளம்: 5.9.2017, ஆசிரியர் நாள்.